இடது, நேர், வலது

"இடது கன்னத்தைக் காட்டு," என்றாள் டச்சக்கா.

சமையலறை ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் முகத்தை வலப்பக்கம் திருப்பி, காதோரத்து முடியைத் தானே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டு மணி, விளக்குப் போடக்கூடாது, முகத்தில் எதையும் பூசியிருக்கக்கூடாது, ஜன்னலிலிருந்து ஒரு கை தூரம். இதெல்லாம் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த விதிகள். அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. இடது, நேர், வலது என்று மாதத்துக்கு மூன்று படம். டாக்டர் இருப்பது பெரிய ஊரில். நேரில் பார்க்க ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் தேதி கிடைக்கும். நடுவில் வரும் நான்கு மாதமும் படத்தைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று எழுதுவார். இது நாலாவது மாதம்.

வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்த முகம். வாயோரமும் மூக்கோரமும் தோல் உரிந்து ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கன்னம் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே பருக்கள், காதுக்குக் கீழே தாடை வரைக்கும். சில பழுத்தவை, சில உள்ளேயே கட்டியாக நின்று தொட்டால் உயிர் போகிறவை, சில நேற்று உடைந்து பொருக்குக் கட்டியவை. பரு வருகிறவர்களுக்கு முகத்தில் எண்ணெய் வழியும் என்றுதான் உலகமே சொல்கிறது. இவளுக்கு வறட்டுத் தோல். சிரித்தால் வெடிக்கும். பருவுக்குப் போடுவது தோலைக் காயவைத்தது, வறட்சிக்குப் போடுவது பருவைக் கிளப்பியது. இரண்டுக்கும் நடுவில் இருபது வயதுப் பெண் ஒருத்தி சிரிப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டாள்.

மூன்றும் எடுத்து முடித்ததும் மகள் எழுந்தாள். படம் எப்படி வந்திருக்கிறது என்று அவள் பார்ப்பதில்லை. கண்ணாடியே பார்க்காதவள் படத்தை எங்கே பார்க்கப் போகிறாள். ஐந்து வருஷமாக அவளைப் படம் எடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது, அம்மாவைத் தவிர.

"எரியுதும்மா. தண்ணி பட்டாலே எரியுது. அதையும் எழுதி அனுப்பு."

"எழுதறேன்."

"போன தடவையும் எழுதினியா?"

"எழுதாம? ஆரம்பத்துல கொஞ்சம் எரியும்னு டாக்டர்தானே சொன்னாங்க. நல்லா இருக்கு, நல்ல முன்னேற்றம்னு வேற எழுதியிருக்காங்க. பொறுத்துக்கோ கண்ணு."

மகள் ஈரம் காய்வதற்குள் கிரீமைப் பூசிக்கொள்ளப் போனாள். டச்சக்கா கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

டச்சக்கா என்பது ஸ்டூடியோவில் வைத்த பெயர். போட்டோவை டச்சப் செய்கிற அக்கா, சுருக்கினால் டச்சக்கா. பதினெட்டு வருஷத்தில் அது தெருவுக்கும் தெரிந்து, கடைசியில் கரண்ட் பில்லில் மட்டும்தான் அவள் சொந்தப் பெயர் மிச்சமிருந்தது. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் ஒரு முக்காலி, நீலத் திரை, இரண்டு விளக்கு. பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், டச்சக்கா. முன்னால் முதலாளி படம் எடுத்தால் பின்னால் இவள் திரையில் முகம் வந்து நிற்கும். கரும்புள்ளி, வடு, கண்ணுக்குக் கீழே இருட்டு, உதட்டு வெடிப்பு எல்லாவற்றையும் இவள் எடுப்பாள். அந்த வேலைக்கு அங்கே பெயர் முகம் கழுவுவது.

"கேட்காமலே கழுவிடுங்க," என்று வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார். "கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவான். வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு ஏன் கழுவலேன்னு திரும்பி வந்து நிப்பான்." இன்னொன்றும் சொல்லியிருந்தார். கழுவிய முகத்தைப் பழைய முகத்தின் மேலேயே சேவ் செய்துவிட வேண்டும். கழுவாத முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

டச்சக்காவின் கை அப்படியே பழகிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் மரு இருந்தால் அவள் ஆட்காட்டி விரல் தானாகத் துடிக்கும். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பையன்களுக்குப் பெற்றவர்கள் கொடுக்காத நெற்றியைக்கூட இவள் கொடுத்திருக்கிறாள். செத்துப்போனவர்களைப் பெரிதாக்கிக் கேட்டு வருகிறவர்கள், முடித்த படத்தைப் பார்த்து, இவ்வளவு நன்றாகவா இருந்தார் என்று அழுதுவிட்டுப் போவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரே ஒருமுறைதான் அந்தக் கை அவளைக் காட்டிக்கொடுத்தது. ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் போனபோது அவன் படத்தை அவளே பெரிதாக்கினாள். வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை. கண்ணீரோடு உட்கார்ந்து செய்த வேலை. ஹாலில் மாட்டியபிறகு, அப்போது பதினாலு வயதான மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவோட தழும்பு எங்கம்மா?"

புருவத்துக்கு மேலே, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. கோபம் வந்தால் அது மட்டும் தனியாக வெளுக்கும். அதைத் துடைத்தது எப்போது என்று டச்சக்காவுக்கு ஞாபகமே இல்லை. பழைய படத்தின் மேலேயே சேவ் செய்திருந்தாள். அந்தத் தழும்போடு தெளிவாக அவன் நிற்கிற படம் வேறொன்று வீட்டில் இல்லை. ஹாலைக் கடக்கும்போது மகள் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

மகளுக்கு முகம் கெட ஆரம்பித்தது அடுத்த வருஷம். வயசுக் கோளாறு, தானே போகும் என்றார்கள். போகவில்லை. தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னது ஒரு வீடு, பற்பசை தடவச் சொன்னது இன்னொரு வீடு. இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிற சோப்பு ஒன்றை மருந்துக்கடைக்காரர் நல்லெண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் முன்னைவிட ஒரு படி மேலே போகும். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது முகமூடி போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே அதில் சேர்ந்தாளோ என்று டச்சக்காவுக்குச் சந்தேகம். முகமூடியும் அவளைக் காப்பாற்றவில்லை. உராய்ந்து உராய்ந்து தாடையோரம் புண்ணாகி, அதைக் கொஞ்சம் இறக்கி மூச்சுவிட்ட ஒருநாள், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிய ஒரு பெரியம்மா, "உனக்கே உடம்பு சரியில்லையாம்மா?" என்று பரிவாகக் கேட்டிருக்கிறாள். மகள் அதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் இந்த டாக்டர். டச்சக்கா வயதுதான் இருக்கும். அவசரப்படாமல் பேசினார். நுரை அதிகம் வராத ஒரு ஃபேஸ்வாஷ், முகம் ஈரமாக இருக்கும்போதே பூச ஒரு கிரீம், வெயிலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒரு களிம்பு. களிம்பு பட்டாணி அளவுதான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். "உங்க தோல் ரெண்டு பக்கமும் கோபப்படும்," என்றார் மகளிடம். "மெதுவாத்தான் போகணும். எவ்வளவு தாங்குதுன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். அதனால படம் முக்கியம்." அன்று ஆஸ்பத்திரியிலேயே மூன்று படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும், ரொம்ப நாள் கழித்து, மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

முதல் மாதம் டச்சக்கா எடுத்ததை எடுத்தபடி அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் செய்த காரியம் தப்பு. அதைத் திறந்து பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் திரையில் அது வேறாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து தன் குழந்தையின் முகத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று நினைத்ததும் படத்தை மூடிவிட்டாள். தெருவில் போகிற எவன் எவனுக்கோ முகம் கழுவி அனுப்புகிறோமே, பெற்ற பிள்ளையை இப்படியே அனுப்பிவிட்டோமே என்று இருந்தது. டாக்டர் ஒரு வரி எழுதினார். படம் இருட்டாக இருக்கிறது, அடுத்த முறை கொஞ்சம் தெளிவாக அனுப்புங்கள்.

இரண்டாவது மாதம் அந்த வெளிச்சத்தைச் சரிசெய்யத்தான் படங்களை ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். கைப்பேசியில் எப்போதும் இடம் கிடையாது, மாற்றியதும் அதிலிருந்து அழித்துவிட்டாள். வெளிச்சத்தை ஏற்றினாள். இடது கன்னத்தில் ஒரு பரு அன்று காலைதான் உடைந்து ரத்தம் கட்டியிருந்தது. இது இன்றைக்கு வந்தது, நாளைக்குப் போய்விடும், இதைப் போய்க் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்று மனசு கேட்டது. அதை எடுத்தாள். எடுத்ததும் பக்கத்தில் இருந்தது துருத்திக்கொண்டு தெரிந்தது. சிவப்பு வெளிச்சத்தால் வந்ததாகவும் இருக்கலாம் என்று கொஞ்சம் குறைத்தாள். உதட்டோரத்தில் உரிந்திருந்ததைத் தடவிவிட்டாள். முழுசாகக் கழுவவில்லை. டாக்டரை ஏமாற்ற வேண்டும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. வெளியே கிளம்பும் குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்து அனுப்புகிற மாதிரிதான் அவளுக்கு அது இருந்தது. பிறகு, வழக்கம்போல, அதன் மேலேயே சேவ் செய்தாள்.

டாக்டர் மகிழ்ச்சியோடு எழுதினார். நல்ல முன்னேற்றம். களிம்பை இனி தினமும் போடலாம்.

இங்கேதான் டச்சக்கா செய்ததை யாருக்கும் விளக்க முடியாது. அந்த வரியை அவள் நம்பினாள். படத்தைத் திருத்தியது தன் கை என்பது தெரியும். ஆனாலும் படித்த ஒருத்தர் முன்னேற்றம் என்று எழுதிவிட்டதைப் பார்த்ததும், எங்கேயோ நிஜமாகவே முன்னேற்றம் இருக்கிறது, பயந்த கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை என்று தோன்றிவிட்டது. மகள் எரிகிறது என்று சொன்னபோதெல்லாம் அந்த வரியையே எடுத்துக் காட்டினாள். மூன்றாவது மாதம் எரிச்சலைப் பற்றி எழுதவும் செய்தாள். ஆனால் அதோடு அனுப்பிய, கழுவிய படத்தில் எரிச்சல் இல்லை. சிவப்பு அதிகம் தெரியவில்லை, தொடரலாம் என்று பதில் வந்தது. கூடவே இன்னும் கொஞ்சம் வீரியமான களிம்பும் வந்தது.

இதோ நாலாவது மாதமும் ஆயிற்று. திங்கட்கிழமை ஸ்டூடியோவில் அந்த மூன்று படங்களையும் டச்சக்கா திறந்தாள். இந்த முறை முகம் ரொம்ப மோசம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்படியே அனுப்பினால், போன மாதம் நன்றாக இருந்தது ஒரே மாதத்தில் எப்படி இப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்பார். என்ன பதில் சொல்வது. இன்னும் நாலு வாரத்தில் நேரில் போகத்தான் போகிறோம், அதற்குள் தோல் தேறிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்குக் கழுவ நாற்பது நிமிஷம் ஆயிற்று.

தோல் தேறவில்லை.

டாக்டர் மகளை உட்காரவைத்து முகமூடியை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது எப்போ இருந்து இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு மாசமா டாக்டர். எரியுதுன்னு அம்மா எழுதினாங்களே."

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் படங்களைத் திறந்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். டச்சக்கா தரையில் ஓடுகளுக்கு நடுவே இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையுறை போட்ட விரலால் டாக்டர் மகளின் இடது தாடையோரத்தைத் தொட்டார். காது மடலுக்கு இரண்டு விரல் கீழே. "இந்த மச்சம் பிறந்ததுல இருந்தே இருக்கா?"

"ஆமா டாக்டர். சர்டிபிகேட்ல எல்லாம் அதான் அடையாளம்."

"நாங்க இங்க எடுத்ததுல இருக்கு. முதல் மாசம் வந்ததுல இருக்கு. அப்புறம் வந்த மூணுலயும் இல்ல."

டச்சக்கா தலையைத் தூக்கினாள். திரையில் மகளின் இடது கன்னம் இருந்தது. வழவழவென்று, காதிலிருந்து தாடை வரைக்கும் ஒரு புள்ளி இல்லாமல். அவளுக்கே அது இப்போதுதான் தெரிந்தது. பிரசவ வார்டில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, இவள் தன்னுடையவள்தான் என்று முதலில் தேடிப் பார்த்துக்கொண்ட மச்சம். கடுகளவு. பருக்களோடு சேர்த்து அதையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது கை. ஒருமுறை இல்லை, மூன்று முறை.

"சில ஃபோன்ல தானாவே முகத்தை அழகாக்கிடும்," என்றார் டாக்டர், கொஞ்சம் யோசித்து. "உங்க ஃபோன்ல அப்படி ஏதாவது இருக்கா?"

வழி திறந்தே இருந்தது. "இருக்கும் டாக்டர்," என்றாள் டச்சக்கா. "எனக்கு அதெல்லாம் சரியாத் தெரியாது."

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பார்க்கவில்லை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"எங்கம்மா ஸ்டூடியோவுல வேலை செய்யறாங்க டாக்டர். போட்டோவுல முகத்தைச் சரிபண்ற வேலை."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் டச்சக்காவுக்கு எதையாவது பிடித்துக்கொண்டு அழ வசதியாக இருந்திருக்கும். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, திருத்தாத படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். எந்த மாதம் மோசமாக ஆரம்பித்தது என்று தெரிந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

"இல்ல டாக்டர். அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

"நான் படத்தை நம்பித்தான் மருந்தைக் கூட்டிக்கிட்டே போனேன்." டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இனிமே ரெண்டு மாசத்துக்குக் களிம்பு எதுவும் வேண்டாம். தோல் முதல்ல ஆறட்டும். ஆனா இடது கன்னத்துல விழுந்திருக்கற குழி குறையும், முழுசாப் போகாது. அதைச் சொல்லிடறது நல்லது."

மகள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் டச்சக்காவின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. இருபது வயதுப் பெண், இனி வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஒன்றை, பஸ் ஐந்து நிமிஷம் தாமதம் என்று சொன்னதுபோல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மகள் முகமூடி போட்டுக்கொள்ளவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது மாசத்துல இருந்தா?"

"ஆமா."

"நான் எரியுதுன்னு சொன்னப்பல்லாம், டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னியே. பொறுத்துக்கோன்னு."

டச்சக்கா செருப்புகளை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

"எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேம்மா. டாக்டர் பாத்துட்டே நல்லா இருக்குன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் எரியுதே, நான்தான் சும்மா சீன் போடறேனோன்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பூசினேன். தினம்."

டச்சக்கா தன்னிடம் இருந்த ஒன்றைத்தான் சொன்னாள். "உன்னை அப்படியே ஒருத்தர்கிட்ட அனுப்ப எனக்கு மனசு வரலடி."

"நான் அப்படித்தான்மா இருக்கேன்," என்றாள் மகள். கோபமாகக்கூட இல்லை. "வீட்டுல நீ ஒருத்திதான் என் மூஞ்சியை நேரா பாக்கறேன்னு நினைச்சிருந்தேன்."

அதற்கப்புறம் சண்டை ஏதும் நடக்கவில்லை. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, டச்சக்கா சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுவைத்துக் காத்திருந்தாள். மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே எடுத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் கைப்பேசி மூன்று முறை சத்தம் போட்டது. இடது, நேர், வலது என்று டச்சக்கா வெளியே நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு நாற்காலியை எடுத்து மேஜைக்கடியில் தள்ளினாள். அதற்கடுத்த மாதம் அவள் நாற்காலி போடவில்லை.

வெறும் கிரீமும் தண்ணீருமாக இரண்டு மாதம் போனதில் சிவப்பு அடங்கியது. உரிவது நின்றது. புதிதாக வருவதும் குறைந்தது. இடது கன்னத்தில், பரு இருந்த இடங்களில், குழிகள் நின்றுவிட்டன. சாப்பிடும்போது விளக்கு அந்தப் பக்கமாக விழுந்தால் ஒவ்வொன்றும் தன் சின்ன நிழலோடு தெரியும். டச்சக்கா பார்க்காமல் இருக்கப் பழகவில்லை. பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஸ்டூடியோவில் வேலை மெதுவாயிற்று. ஒரு முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வடு இவருக்கு எப்போது வந்திருக்கும், இதை எடுத்தால் வீட்டில் யாராவது தேடுவார்களா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "என்னக்கா, முகம் கழுவச் சொன்னா தலைக்கும் சேத்து ஊத்தறீங்களா, இவ்வளவு நேரம்?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலாளி கேலி செய்வார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் முன்னறையில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. முதலாளி யாரையோ உட்காரச் சொன்னார், தோளை நேராக வைக்கச் சொன்னார். "முடியைக் காதுக்குப் பின்னாடி தள்ளிக்கோம்மா." ஃபிளாஷ் தடுப்பின் மேல்விளிம்பில் ஒருமுறை வெளுத்துப்போனது. ஏதோ மெதுவாகப் பேச்சு. பிறகு முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். முகத்தில் கொஞ்சம் குழப்பம்.

"அக்கா, உங்க பொண்ணுதான் வந்திருக்கு. பயிற்சி முடிஞ்சுதாம், பதிவு அட்டைக்குப் போட்டோ வேணுமாம். எட்டு காப்பி." கொஞ்சம் தயங்கினார். "கழுவ வேண்டாம்னு சொல்லுது."

பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த அறையில் யாரும் சொன்னதில்லை. ஊரில் வேறு ஸ்டூடியோ இல்லாமல் இல்லை. மகள் வேலை செய்கிற இடத்துக்கு எதிரிலேயே ஒன்று இருக்கிறது. டச்சக்கா எழுந்து தடுப்பைத் தாண்டிப் போகவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் மகள் வந்து நின்றாள். நீலத் திரைக்கு முன்னால், நேராக, சிரிக்காமல். ஃபிளாஷ் எதையும் மறைக்கவில்லை. டச்சக்கா பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றியில் இரண்டு புதிய பரு. மூக்கோரத்தில் மெல்லிய உரிவு. கன்னத்தில் குழிகள். கண்ணைத் தூக்காமல் இன்னும் கீழே வந்தாள். தாடையோரத்தில் மச்சம் இருந்தது.

கை மௌஸின் மேலேயே இருந்தது. ஆட்காட்டி விரல் துடித்தது. அதுவாகத் துடிக்கிற விரலை அவளால் நிறுத்த முடியவில்லை. கையை எடுத்து மடியில் வைத்து, மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இடது கையாலேயே தடுமாறித் தடுமாறி, பிரிண்ட் கொடுத்தாள்.

அந்தப் பிரிண்டர் பழசு. தாளை ஒரு விரற்கடை இழுக்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி இழுக்கும். முதலில் எட்டு உச்சந்தலைகள் வந்தன. எட்டு நெற்றிகள் வந்தன. எட்டு ஜோடிக் கண்கள் வந்து, ஏதும் கேட்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. கன்னங்கள் வருவதற்கு வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. டச்சக்கா தாளின் ஓரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் பார்த்தாள்.

மை முழுசாகக் காய்வதற்குள்ளேயே வெட்டி உறையில் போட்டு எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மகள் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முகமூடி கையில் மடித்திருந்தது. உறையை வாங்கிப் பிரித்து, ஒரு படத்தை எடுத்து, வாசல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். எங்கே பார்க்கிறாள் என்று டச்சக்காவுக்குத் தெரிந்தது. மகளின் கட்டைவிரல் படத்தில் தாடையோரத்தை நோக்கி நகர்ந்தது.

"இன்னும் காயல," என்றாள் டச்சக்கா. "விரல் படாமப் புடி."

மகள் விரலை எடுத்துக்கொண்டாள். படத்தின் இரண்டு ஓரங்களையும் நகத்தால் மட்டும் பிடித்துக்கொண்டு, அது காய்கிறவரைக்கும், அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.